பன்னிரண்டு பேர் குழுவில் கடைசியாக நடப்பது நான்தான் என்றால்?

மெதுநடை · மார்ச் 3, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன். வயது 54. தினமும் ஆறேழு கிலோமீட்டர் நடப்பேன், ஆனால் வேகம் கிடையாது. என்னோடு நடக்க வருகிறவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே முன்னால் போய்விடுவார்கள். கூடாரத்தில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, "நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏற ஆசை. செப்டம்பரில் கிளம்பும் குழுப்பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதிகபட்சம் 12 பேர், கூடவே கைடு. ஒரே கம்பெனியில் மராங்கு வழி 5 நாள், மச்சாமே வழி 7 நாள், லெமோஷோ வழி 8 நாள் என்று மூன்று வைத்திருக்கிறான். மராங்குதான் விலை குறைவு. அதில் கூடாரமும் இல்லை, மரக்குடிலில் கட்டில். மனசு அங்கேதான் போகிறது.

முன்பின் தெரியாத பதினொரு பேர். என்னால் அவர்கள் காத்திருக்க வேண்டி வருமா? வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா? விலையில் சொல்லாத செலவு என்னென்ன வரும்? எந்த நாடாக இருந்தாலும் சரி, இப்படிப் போனவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதினால் புண்ணியமாகப் போகும்.

மூட்டைமுடிச்சு · மார்ச் 3, இரவு 11:15

வாங்க மேடம். கிளிமஞ்சாரோ நான் போனதில்லை. மொராக்கோவில் தூப்கால் (4,167 மீட்டர்), பெருவில் இன்கா பாதை, அப்புறம் நைரோபியிலிருந்து விக்டோரியா அருவி வரை லாரியை பஸ்ஸாக மாற்றிய ஒரு வண்டியில் மூன்று வாரம். மூன்றுமே குழுவோடுதான்.

"அதிகபட்சம் 12" என்றால் 12 பேர் வருவார்கள் என்று அர்த்தமில்லை. தூப்காலுக்கு நாங்கள் ஐந்தே பேர். சின்னக் குழு என்றால் சுகம் என்று நினைப்போம், ஆனால் ஐந்தில் ஒருத்தர் முசுடாக அமைந்துவிட்டால் ஒளிய இடமே இல்லை. காலைச் சாப்பாட்டுக்கும் அவர், மத்தியானத்துக்கும் அவர். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டாம் நாளே தானாகப் பிரிந்துவிடும். மெதுவாக நடப்பவர்களுக்கென்று ஒரு கட்சி எல்லாக் குழுவிலும் உண்டு. பேச்சு சுவாரசியமாக இருப்பதும் அந்தக் கட்சியில்தான், ஏனென்றால் முன்னால் போகிறவர்களுக்குப் பேச மூச்சு இருக்காது.

தனியாகப் பதிந்தால் இன்னொரு பெண்ணோடு அறையும் கூடாரமும் பகிர்ந்துகொள்ளச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் தனியறைக்குக் கூடுதல் கட்டணம். இரண்டையும் பிரித்துக் கேளுங்கள், சிலர் சம்மதிப்பார்கள்: ஓட்டலில் பகிர்வு, மலையில் தனிக் கூடாரம். ராத்திரி நாலு தடவை எழுந்து ஜிப்பைத் திறக்கும்போது அதன் அருமை தெரியும். காதில் வைக்கிற பஞ்சும் மறக்காதீர்கள். குறட்டை யாருக்கு வரும் என்று எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

இன்னொன்று. அந்த வண்டிப் பயணத்தின் விளம்பரத்தில் "பங்கேற்புப் பயணம்" என்று ஒரே ஒரு சொல் இருந்தது, நான் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். கூடாரம் நாமே அடிக்க வேண்டும், நாமே மடிக்க வேண்டும், சமையலுக்குக் காய் நறுக்க முறை, பாத்திரம் கழுவ முறை. பாத்திரத்தைத் துடைக்கத் துணி கிடையாது, கையில் பிடித்துக் காற்றில் ஆட்டி ஆட்டியே உலர்த்த வேண்டும். பதினெட்டுப் பேர் வரிசையாக நின்று தட்டை ஆட்டுவதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கூடாரம்77 · மார்ச் 4, காலை 7:02

"நடந்ததை நடந்தபடி"ன்னு கேட்டீங்க. சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க சொல்ற அதே மராங்கு, அதே 5 நாள். (கம்பெனி பேரெல்லாம் வேணாம்.) லீவு அவ்வளவுதான் கிடைச்சுது, காசும் அதுதான் கட்டுப்படியாச்சு. ஒன்பது பேர். எனக்கு அப்போ 38, வாரத்துக்கு நாலு நாள் ஓடறவன். முதல் நாள் மந்தாரா குடில், ரெண்டாம் நாள் ஹோரோம்போ, மூணாம் நாள் கீபோ. மூணு நாளும் நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்தேன்.

கீபோவுல சாயங்காலமே தலை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, சாப்பாடு இறங்கலை. ராத்திரி பதினொன்றரைக்குக் கிளப்பினாங்க. ஹான்ஸ் மேயர் குகை தாண்டி முக்கால் மணி நேரம் போயிருப்போம். கைடு நின்னு டார்ச்சை என் மூஞ்சியில அடிச்சார். பேர் என்ன, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டார். குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வெச்சு நேரா நடன்னார். ரெண்டு தடவை சாய்ஞ்சேன். "கீழே." ஒரே வார்த்தை. கெஞ்சினேன், கத்தினேன், மசியலை.

அதோட முடிஞ்சா பரவாயில்லை. ஒன்பது பேருக்கு ரெண்டே கைடு. ஒருத்தர் என்னை இறக்கிட்டு வந்துட்டார். மேல ஒரு பொண்ணுக்கு வாந்தி நிக்கலை, அவளோட மத்தவரும் இறங்கணும். மிச்சம் ஏழு பேர் நல்லாத்தான் இருந்தாங்க. கைடு இல்லாம விட முடியாதுன்னு அவங்களையும் திருப்பிட்டாங்க. காலையில கீபோ குடில்ல அந்த ஏழு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! யாரும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை.

கம்பெனிக்கு எழுதினேன். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, பணம் திரும்பாதுன்னு பதில். விளம்பரத்துல வெற்றி விகிதம்னு பெரிசா போட்டிருந்தானே, அது எல்லா வழியையும் கூட்டிப் போட்ட கணக்காம்.

சந்தேகப்பிராணி · மார்ச் 4, காலை 10:30

இதற்குத்தான் நான் குழுப்பயணமே வேண்டாம் என்பது. மோன் பிளான் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டில் 170 கிலோமீட்டர், தனியாகவே நடந்து முடித்தேன். வழியெல்லாம் அம்புக்குறி, ராத்திரிக்கு மலைக்குடில், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். சிலியில் தோர்ரஸ் தெல் பைனேவும் அப்படித்தான். பாதியில் "கீழே" என்று சொல்ல ஒருத்தர், அவருக்குச் சம்பளம் கொடுக்க நாம்!

நடையரசி · மார்ச் 4, மதியம் 1:05

சந்தேகம் சார், கிளிமஞ்சாரோவில் கைடு இல்லாமல் வாசலைத் தாண்டவே விடமாட்டார்கள். இன்கா பாதையும் அப்படித்தான். அங்கே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதிலும் கைடும் சுமைக்காரர்களும் சேர்த்தி. அனுமதிச் சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டியது, வேறு ஆளுக்கு மாற்ற முடியாது. பிப்ரவரி முழுக்கப் பாதையை மூடிவிடுவார்கள். ஆக அந்த இரண்டு இடத்திலும் யாரோடு போவது என்பதுதான் கேள்வி. குறி போட்ட பாதை, ஊருக்கு ஊர் குடில் என்று இருக்கிற ஆல்ப்ஸில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

கூடாரம், படித்ததும் வயிறு என்னவோ செய்தது. ஏழு பேரைத் திருப்பியது உங்கள் தப்பில்லை.

பனிக்காலடி · மார்ச் 4, இரவு 8:50

நான்கு சீசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் குழுப்பயணங்களுக்கு டூர் லீடராக வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கூடாரம், உங்களைத் திருப்பிய கைடு செய்தது சரி. மலையில் தலைவலி எல்லாருக்கும் வரும். தலைவலியோடு தடுமாற்றமும் சேர்ந்தால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குதிகால்-விரல் நடை அதைக் கண்டுபிடிக்கத்தான். இதற்கு முதல் மருந்து இறங்குவது. ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தும் இறங்கி முடிக்கும் வரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். அந்த நிலையில் இருக்கிறவருக்குத் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். நீங்கள் கத்தியதும் அதில் சேர்த்திதான்.

ஆனால் உங்கள் கோபம் நியாயம். அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. மந்தாரா சுமார் 2,700 மீட்டர், ஹோரோம்போ 3,700, கீபோ 4,700. தினமும் ஆயிரம். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் படுக்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது உயரநோய் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 5 நாள் திட்டம் தாளில் எழுதும்போதே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறது. அதே மராங்குவில் 6 நாள் திட்டமும் உண்டு, ஹோரோம்போவில் ஒரு ராத்திரி கூடுதல். பிறகு ஏன் 5 நாள்? அந்த தேசியப் பூங்காவில் நுழைவுக்கும் தங்கலுக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலருக்கு மேல் கட்ட வேண்டும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் நாளைக் குறைப்பதுதான் சுலபம்.

ஓடுகிறவர்கள் உயரநோயிலிருந்து தப்பிப்பார்கள் என்பது பொய். வேகமாக நடந்து முதலில் சேர்ந்தால் அங்கே பரிசு ஒன்றும் இல்லை. ஸ்வாஹிலியில் "போலே போலே" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மெல்ல மெல்ல என்று அர்த்தம். சுற்றுலாப் பயணிகள் அதைச் சட்டையில் அச்சடித்து வாங்குவார்கள், நடக்கும்போது மறந்துவிடுவார்கள்.

மேடம், உங்கள் நடை அந்த மலைக்குப் பொருந்துகிற நடை. ஓட்டல் எத்தனை நட்சத்திரம், சாப்பாட்டுக் கூடாரத்தில் மேசைவிரிப்பு உண்டா என்பதையெல்லாம் விடுங்கள். கம்பெனிக்கு இரண்டு கேள்வி எழுதுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், உச்சிக்குக் கிளம்புகிற ராத்திரிக்கு முன்னால் எத்தனை இரவு? அந்த ராத்திரியில் குழுவோடு மேலே வரும் கைடுகள் எத்தனை பேர்? இரண்டு மூன்று பேருக்கு ஒரு கைடு என்றால் யார் திரும்பினாலும் மற்றவர்கள் போகலாம். "அனுபவம் மிக்க கைடுகள்" என்று எண்ணிக்கை இல்லாமல் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்.

லெமோஷோவும் மச்சாமேயும் பாதி வழியில் ஒன்று சேர்ந்துவிடும். இரண்டிலும் ஒரு நாள் லாவா டவர் என்ற பாறை வரை, 4,600 மீட்டர் சொச்சம், ஏற்றிவிட்டு அன்றைக்கே 4,000க்குக் கீழே பர்ராங்கோவில் இறக்கிப் படுக்க வைப்பார்கள். ஏறினதையெல்லாம் இறங்குகிறோமே என்று எல்லாரும் புலம்புகிற நாள் அது. உடம்பு பழகுவது அன்றைக்குத்தான். காசு இடம் கொடுத்தால் 8 நாள்.

கூடாரம்77 · மார்ச் 4, இரவு 10:11

சரிண்ணே, ஒத்துக்கறேன். அப்போ 5 நாளை ஏன் விக்கறான்? பதியும்போது வயசு, எடை, ஷூ சைஸ் எல்லாம் கேட்டான். 4,000 மீட்டருக்கு மேல எப்பவாவது படுத்திருக்கியான்னு கேக்கலையே!

பனிக்காலடி · மார்ச் 4, இரவு 10:40

விற்கக் கூடாதுதான். நான் வேலை பார்த்த இடத்திலும் விற்றோம். நான் வாயைத் திறக்கவில்லை.

நடையரசி · மார்ச் 5, காலை 9:20

சொல்லாத செலவு பற்றி யாரும் எழுதவில்லையே. நான் மச்சாமே 7 நாள் போனவள்.

முதலில் டிப்ஸ். அது விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நினைத்துப் போய்விடாதீர்கள், அங்கே அது சம்பளத்தோடு சேர்ந்தது மாதிரி. பன்னிரண்டு பேர் ஏறினால் கூட வருகிறவர்கள் நாற்பது பேருக்குக் குறையமாட்டார்கள்: தலைமைக் கைடு, உதவிக் கைடுகள், சமையல்காரர், சுமைக்காரர்கள், கழிப்பறைக் கூடாரத்துக்கென்றே ஒருத்தர். ஆளுக்கு எவ்வளவு வழக்கம் என்று கம்பெனியிடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு சில்லறை நோட்டாக டாலர் கொண்டுபோங்கள். கிழிசல், பழைய நோட்டு செல்லாது. எங்கள் குழுவில் எல்லாப் பணத்தையும் ஒரே உறையில் போட்டுத் தலைமைக் கைடிடம் கொடுக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் படித்துவிட்டு அவரவர் கையில் கொடுத்தோம். பின்வரிசையில் நின்ற ஒரு பையன் நோட்டை இரண்டு தடவை எண்ணிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான்.

சுமைக்காரர் ஒருவருக்கு 20 கிலோதான் என்று வரம்பு. மச்சாமே வாசலில் தராசு தொங்கும், மூட்டை மூட்டையாக நிறுப்பார்கள். எனக்கு முன்னால் நின்ற குழுவில் ஒருத்தர் பை 19 கிலோ. அவருடைய பையே அவ்வளவு என்றால் தூக்குகிறவன் தன் துணியை எங்கே வைப்பான்? திறந்து பார்த்தால் முடி உலர்த்தும் மெஷின்! சுமைக்காரர்களின் கூலி, சாப்பாடு, தூங்குமிடம் இதையெல்லாம் கவனிக்க கிளிமஞ்சாரோ சுமைக்காரர் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பங்காளியா என்று கம்பெனியைக் கேளுங்கள். கைடு எண்ணிக்கையில் கஞ்சத்தனம் செய்கிறவன் அங்கேயும் கஞ்சத்தனம்தான் செய்வான்.

இன்சூரன்ஸ். பாலிசியில் "மலைநடை" என்று போட்டிருந்தால் போதாது, எத்தனை மீட்டர் உயரம் வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பலதும் 3,000, 4,000 என்று நின்றுவிடும். உச்சி 5,895. அதற்கு மேல் எண் இருக்க வேண்டும், ஹெலிகாப்டரில் இறக்குவதும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஜன்னலோரம் · மார்ச் 5, மாலை 6:30

விமான டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நான் பட்டது. ஐஸ்லாந்தில் லௌகாவேகூர் பாதை, 55 கிலோமீட்டர். ஆறு பேராவது சேர்ந்தால்தான் கிளம்பும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நாலு பேர்தான் சேர்ந்தோம். மூன்று வாரத்துக்கு முன்னால் ரத்து. பயணப் பணம் முழுக்க வந்துவிட்டது, திரும்பாத டிக்கெட்டின் பணம் போனது போனதுதான். ஐரோப்பிய ஒன்றியத்து பேக்கேஜ் பயண விதிப்படி ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணமாக இருந்தால், ஆள் சேராவிட்டால் கிளம்புவதற்கு 20 நாளுக்கு முன் சொல்லிவிட்டு முழுப் பணத்தையும் திருப்பினால் போதும், நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. அவன் விதிப்படிதான் செய்தான். "புறப்பாடு உறுதி" என்று தேதிக்குப் பக்கத்தில் வந்த பிறகு டிக்கெட் வாங்குங்கள்.

திரும்பும் டிக்கெட்டிலும் இடைவெளி விடுங்கள். எவரெஸ்ட் அடிவார முகாம் போனபோது லுக்லா விமான நிலையத்தில் மேகம் இறங்கி மூன்று நாள் விமானம் இல்லை. சீசனில் அந்த விமானமே காட்மாண்டுவிலிருந்து இல்லை, நாலைந்து மணி நேரம் தள்ளி ராமேசாப்பிலிருந்து, ராத்திரியே வண்டி ஏற வேண்டும். குழுவில் இரண்டு பேருக்கு அடுத்த நாளே வேறு விமானம். அந்த மூன்று நாளில்தான் யார் எப்படி என்று தெரிந்தது. மலையில் தங்கமாக இருந்த மனுஷர் லாட்ஜில் காலையிலிருந்து ராத்திரி வரை டூர் லீடரைத் திட்டிக்கொண்டே இருந்தார், என்னமோ மேகம் அவர் சொல் கேட்கிற மாதிரி.

சந்தேகப்பிராணி · மார்ச் 5, இரவு 7:15

ஹெலிகாப்டர் பேச்சு வந்ததால் ஒன்று. லேசான தலைவலிக்கெல்லாம் ஹெலிகாப்டரை வரவழைத்து இன்சூரன்ஸில் பணம் பிடுங்குகிற மோசடியை நேபாள அரசே 2018இல் குழு போட்டு விசாரித்தது. கைடுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கமிஷன். கூட வருகிறவர் எப்போதுமே உங்கள் நன்மைக்குத்தான் சொல்வார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பனிக்காலடி · மார்ச் 5, இரவு 9:00

உண்மைதான். அங்கே சொன்னது "ஹெலிகாப்டர் கூப்பிடலாம்", கூடாரத்துக்குச் சொன்னது "நடந்து கீழே இறங்கு". எதில் காசு இருக்கிறது என்று பாருங்கள், எதை நம்பலாம் என்று ஓரளவு தெரியும்.

மெதுநடை · மார்ச் 19, இரவு 8:25

எல்லாருக்கும் நன்றி. மராங்குவை விட்டுவிட்டேன். மூன்று கம்பெனிக்கு அந்த இரண்டு கேள்வியையும் எழுதினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "எங்கள் கைடுகள் சிங்கங்கள்" என்று எழுதினார், படித்துச் சிரித்தேன். மூன்றாமவர் 12 பேர் வந்தால் தலைமைக் கைடோடு சேர்த்து ஐந்து பேர், 11 என்றாலும் அதே ஐந்து, 8 என்றால் நாலு என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார். அவரிடம் லெமோஷோ 8 நாள் பதிந்துவிட்டேன், தனிக் கூடாரத்தோடு. மாடிப்படி ஏறிப் பழகுகிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைக் கொல்கிறது.

மெதுநடை · அக்டோபர் 11, மாலை 4:50

போய்விட்டு வந்துவிட்டேன். இத்தனை பேர் எனக்காக எழுதினீர்கள், நானும் நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு பேர். எட்டு நாளும் நான்தான் கடைசி, ஒரு நாள்கூடத் தப்பவில்லை. முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது, அடிக்கடி "சாரி" சொன்னேன். எனக்குப் பின்னால் வந்த உதவிக் கைடு இளைஞர், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மூன்றாம் நாள் ஷிரா மேட்டில், "மேடம், நீங்கள் சாரி சொல்லும்போதெல்லாம் மூச்சு வீணாகிறது" என்றார். அதோடு நிறுத்தினேன். காத்திருக்க யாரும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் யாரும் காத்திருக்கவே இல்லை. முன்னால் போகிறவர்கள் ஒரு கைடோடு போய்க்கொண்டே இருந்தார்கள், நான் முகாமுக்கு வரும்போது அவர்கள் தேநீர் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறு.

உயரநோய் வராமல் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் போட்டேன். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், ராத்திரி ஐந்து தடவை எழ வைக்கும். தனிக் கூடாரம் எடுக்கச் சொன்ன மூட்டைமுடிச்சு நல்லா இருக்கணும்.

உச்சிக்குக் கிளம்புகிற கடைசி முகாமான பராஃபுவிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு என்னையும் இன்னொரு அம்மாவையும் மட்டும் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளப்பினார்கள். மேலே பார்த்தால் தலைவிளக்குகள் வரிசையாக, எது விளக்கு எது நட்சத்திரம் என்றே தெரியவில்லை. ஒரு மணி வாக்கில் எங்கள் குழுவே எங்களைத் தாண்டிப் போனது. முதுகுப்பைத் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. கூட வந்த அம்மாவுக்கு 5,300 வாக்கில் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். ஒரு கைடு அவரை அழைத்துக்கொண்டு இறங்கினார். முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்தார், அவரோடும் ஒரு கைடு. மற்றவர்கள் நடை நிற்கவில்லை. கூடாரம், அந்த இடத்தில் உங்களைத்தான் நினைத்தேன்.

ஸ்டெல்லா பாயின்டில் எரிமலை வாயின் விளிம்பைத் தொடும்போது விடிந்து வெகு நேரமாகிவிட்டது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் முக்கால் மணி என்றார் அந்த உதவிக் கைடு இளைஞர், எனக்கு ஒன்றேகால் ஆனது. பாதி வழியில் எங்கள் குழு எட்டுப் பேரும் எதிரே இறங்கி வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், ஒருவர் என் கையில் ஒரு சாக்லேட் துண்டைத் திணித்தார், போய்விட்டார்கள். 5,895 என்று எழுதிய பலகையின் முன்னால் நானும் அந்தப் பையனும் மட்டும். அவர் எடுத்த படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

குழுப்படம் என்று எல்லாருக்கும் அனுப்பினார்கள், அதில் நான் இல்லை. அது கொஞ்சம் உறுத்துகிறது, மறைக்கவில்லை. எனக்காக அவர்கள் அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் நின்றிருக்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் உறுத்துகிறது.

இறக்கம் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது. போகிறவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள், ஷூ அரை சைஸ் பெரிதாக எடுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்குள் வெந்நீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியில் வைக்கிற தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், போன் பேட்டரியை உள்சட்டையில் வையுங்கள்.

நடையரசி · அக்டோபர் 11, இரவு 7:40

அக்கா, கண்ணை மூடிய படத்தையே போடுங்கள், பார்க்கிறோம்.

கூடாரம்77 · அக்டோபர் 12, காலை 6:55

ரெண்டு தடவை படிச்சேன் அக்கா. ரெண்டு பேர் திரும்பினாங்க, ஒன்பது பேர் மேல போனீங்க. எங்க கதையிலயும் ரெண்டு பேர்தான் திரும்பினோம்.

ஜனவரிக்கு லெமோஷோ 8 நாள் போட்டுட்டேன். பத்துப் பேருக்கு எத்தனை கைடுன்னுதான் முதல் மெயில். நாலுன்னு பதில் வந்துது, பெயரோட. வீட்ல இன்னும் சொல்லலை. பாட்டிலைத் தலைகீழா வைக்கச் சொன்னீங்களே, அது எதுக்கு?

மெதுநடை · அக்டோபர் 12, காலை 8:10

தண்ணீர் மேல்பக்கத்திலிருந்துதான் உறையும் தம்பி. தலைகீழாக வைத்தால் பனி பாட்டிலின் அடிப்பக்கம் தங்கிவிடும், காலையில் மூடி திறக்கும். மூடியை நன்றாக இறுக்கிவிட்டு வையுங்கள். நான் முதல் ராத்திரி இறுக்கவில்லை.